ஆறு மணிக்கு மேல் வரும் வண்டிகள்

ஜூன் 3, திங்கள்

இன்று ஆபீசில் ஆளுக்கொரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். ஐம்பத்தேழு வயதில் கையில் பந்தோடு நான் நிற்கிறேன். வெளியே லோடு ஏற்ற வந்த லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

கொடுத்தவன் பெயர் ப்ரஜித். வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, கழுத்தில் மைக். ஊழியர்களின் மீள்திறனை வளர்க்க வந்திருக்கிறானாம். மீள்திறன் என்ற சொல்லை இன்றுதான் கேள்விப்படுகிறேன். போன வருடம் கம்பெனியிலிருந்து நிறையப் பேர் வேலையை விட்டுப் போனார்கள். போன இடத்தில் ஆள் போடாமல், மிச்சமிருப்பவர்களுக்குப் பந்து வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பந்து மலிவு.

"கீழ விழுந்தா பந்து என்ன பண்ணுது? எழும்புது! நாமளும் அப்படித்தான் எழும்பணும்!" என்றான்.

பந்தை யார் கீழே போட்டது என்று அவனும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

ஜூன் 5, புதன்

தலைமுறைக்கு ஓர் ஆள் என்று மூவர் மூவராகக் குழு பிரித்தார்கள். டிஸ்பாட்ச் பிரிவில் இருப்பதே மூன்று பேர்தான். நான் மேனேஜர். எனக்குக் கீழே ஜெயசீலன், நாற்பத்தோரு வயது. அவனுக்குக் கீழே நிலோஃபர், இருபத்துநாலு, ஆம்பூர்க்காரி, இங்கே பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறாள். நான்காவதாக இருந்த சபாபதி போன தீபாவளிக்கு முன்பே விலகிவிட்டான். அவன் நாற்காலியில் இப்போது பழைய பில் கட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன.

எங்கள் வேலை எளிது. அம்பத்தூரில் செய்யும் அட்டைப்பெட்டி அத்தனையும் எந்த வண்டியில், எந்த ஊருக்கு, எந்த மணிக்குப் போக வேண்டும் என்று பார்க்க வேண்டும். எளிதான வேலை என்பதால்தான் யாரும் இதை மதிப்பதில்லை.

ஜூன் 12, புதன்

இரண்டாவது வகுப்பு. மூங்கிலைப் பற்றி. மூங்கில் வளையும், முறியாது, ஆகவே நாமும் மூங்கில்.

வளைந்த மூங்கிலைக் கூடையாகப் பின்னுவார்கள். அப்புறம் அதில் குப்பை அள்ளுவார்கள். இதைப் பக்கத்திலிருந்த ஜெயசீலனிடம் மெதுவாகச் சொன்னேன். சிரித்தான். நல்ல பையன்.

மூத்த தலைமுறையின் மனவலிமைக்கு உதாரணம் சொல்லும்படி ப்ரஜித் என்னைக் கேட்டான். வெள்ளம் வந்த வருடம் கோடவுனிலேயே தங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று லோடு அனுப்பியதைச் சொன்னேன். அப்பா காரியம் முடிந்த மறுநாள் வேலைக்கு வந்ததையும் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். நிலோஃபர் தட்டவில்லை.

"ஏன் மேம் வந்தீங்க?" என்றாள்.

"எங்க?"

"அப்பா செத்த அப்புறம். வேலைக்கு."

என்ன கேள்வி இது? வேலை இருந்தது, வந்தேன். இந்தத் தலைமுறைக்கு இதைக்கூட விளக்க வேண்டியிருக்கிறது.

ஜூன் 21, வெள்ளி

நிலோஃபருக்கு இன்று லீவு. காரணம், 'மனசு சரியில்லை'. அதை அப்படியே வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறாள். காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று பொய் சொல்கிற மரியாதைகூடக் கிடையாது.

வந்தாலும் என்ன? ஆறு அடித்தால் லேப்டாப்பை மூடிவிடுவாள். ஆறு மணிக்கு மேல் வரும் வண்டிகள் என்ன அநாதையா? அவற்றையும் ஜெயசீலன்தான் பார்க்கிறான். முகம் சுளிப்பதில்லை. மனிதன் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

ஏப்ரலில் வந்த புது சிஸ்டத்தில் ஒவ்வொரு வண்டிக்கும் பத்து இடத்தில் தட்ட வேண்டும். எனக்குக் கண் கூசுகிறது. என் கணக்கையும் ஜெயசீலனிடம் கொடுத்துவிடுகிறேன். அவனுக்கு விரல் வேகம், ஒரு நிமிஷ வேலை.

ஜூலை 4, வியாழன்

மீள்திறனை அளக்கிறேன் என்று ப்ரஜித் கேள்விகள் கேட்டான். இரவில் தூக்கம் வருகிறதா, வேலை பாரமாகத் தெரிகிறதா, இப்படி. ஜெயசீலன் எல்லாவற்றுக்கும் 'மிக நன்று' போட்டுக் கம்பெனியிலேயே முதலிடம். நிலோஃபர் கடைசி. தூக்கம் வரவில்லை, பாரமாகத்தான் இருக்கிறது என்று உண்மையை எழுதிவைத்திருக்கிறாள். அசடு.

நடுத்தலைமுறைதான் பாலம் என்று ப்ரஜித் ஜெயசீலன் முதுகில் தட்டினான். "ரெண்டு பக்கத்தையும் தாங்கறது பாலம்தான்!"

மதியம் பாய்லர் ஷெட் பின்னால் ஜெயசீலன் தன் சாப்பாட்டை நாய்க்குப் போட்டுக்கொண்டிருந்தான். பொண்டாட்டி சமையல் அந்த லட்சணம் போலிருக்கிறது.

ஜூலை 15, திங்கள்

ஸ்ரீபெரும்புதூர் போக வேண்டிய லோடை ஜெயசீலன் கும்மிடிப்பூண்டிக்கு அனுப்பிவிட்டான். வடக்கும் தெற்கும் தெரியாதவனா இவன்? எல்லோர் எதிரிலும் நன்றாகக் கொடுத்தேன். திட்டத் திட்டச் சிரிக்கிறான். எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

"என்னடா சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல மேடம். நான் பாத்துக்கறேன்."

வீட்டில் இவர் டிவி முன்னால் இருந்தார். ரிட்டயர் ஆனதிலிருந்து டிவிக்கும் அவருக்கும் இடையில் நான் வந்தால் நகரச் சொல்வார். நடந்ததைச் சொன்னேன். "அந்தப் பையன் நல்லா வேலை செய்வான்னுதானே சொல்லுவே?" என்றார். செய்வான்தான். அதனால்தானே கோபம் வருகிறது.

ஜூலை 24, புதன்

ஜெயசீலனின் போன் மேஜைமேல் அடித்துக்கொண்டே இருந்தது. 'வீடு' என்று வருகிறது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது.

"எடுத்துத் தொலையேம்ப்பா, காது வலிக்குது."

"எடுத்தா பேசணும் மேடம்."

புருஷன் பெண்டாட்டி சண்டையை ஆபீஸ்வரை கொண்டுவரக் கூடாது. சொன்னேன். தலையாட்டினான்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

நிலோஃபர் என் மேஜைக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு நின்றாள்.

"மேம், ஜெயசீலன் சார் சரியா இல்ல."

"ஏன், அவனுக்கென்ன?"

"நேத்து என் பேரை மறந்துட்டாரு. உன் பேரு என்னம்மான்னு கேட்டாரு. ஜோக்குன்னு நினைச்சேன். ஜோக் இல்ல மேம்."

"உங்களுக்கெல்லாம் எதை எடுத்தாலும் வியாதி. பேரு மறந்தா வியாதி, தூக்கம் வந்தா வியாதி, வரலைன்னா வியாதி."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. நேரே எச்.ஆர். சுதர்சனிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவன் தன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "மீள்திறன்ல அவர்தாம்மா ஃபர்ஸ்ட்! உங்க ஸ்கோரைப் பாத்துக்கங்க முதல்ல" என்றானாம்.

அவளுக்குத் தேவைதான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஏற்றுமேடையில் நின்றிருந்த காலி லாரியில், டிரைவர் பக்கத்து சீட்டில் ஜெயசீலன் உட்கார்ந்திருந்தான். கண்ணாடி வழியே எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு. என்ன செய்கிறாய் என்றதற்கு, தார்ப்பாய் சரியாக இருக்கிறதா என்று பார்த்தானாம். தார்ப்பாய் வண்டிக்குப் பின்னால் இருக்கும். எனக்கு அவசரம். வேறு வேலை சொல்லி இறக்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 14, புதன்

நிறைவு விழா. நாளை விடுமுறை என்பதால் எல்லா லோடும் இன்றே போக வேண்டும். தெரு முழுக்க வண்டி. ஆனாலும் கேண்டீனில் மேடை போட்டு, எல்லோரையும் உட்காரவைத்து, ப்ரஜித் ஒரு மணி நேரம் பேசினான். சிறந்த குழு நாங்களாம். சிறந்த மனிதன் ஜெயசீலன். கண்ணாடியில் மூங்கில் குருத்து செய்து கோப்பை என்று கொடுத்தார்கள்.

ஜி.எம். கைகுலுக்கினார். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை நீட்டினார்கள்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றான். அப்புறம் வெகுநேரம் நின்றான். மைக்கில் அவன் மூச்சு கேட்டது.

"வெளிய வண்டி நிக்குது" என்றான். மைக்கைக் கீழே வைத்தான். கோப்பையோடு இறங்கி, வரிசைகளுக்கு நடுவே நடந்து, கதவைத் திறந்துகொண்டு போய்விட்டான்.

ஹால் முழுக்கச் சிரிப்பு. "பாத்தீங்களா! இதுதான் டெடிகேஷன்!" என்று ப்ரஜித் கத்தினான். கைதட்டல் நிற்கவே இல்லை. நானும் தட்டினேன்.

நிலோஃபர் எழுந்து பின்னாலேயே ஓடினாள். சற்று நேரத்தில் திரும்பி வந்து, "எங்கயும் காணும் மேம்" என்றாள். அவன் போன் மேஜைமேல் இருந்தது. 'வீடு' என்று அடித்துக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 15, வியாழன்

காலையில் ஜெயசீலனின் மனைவி தேவிகலா போன் செய்தாள்.

"மேடம், இவரு நைட்டு வரல. ஆபீஸ்லயே தங்கிட்டாரா?"

"ஆபீஸ்ல எதுக்கும்மா தங்கப்போறான்?"

"இந்த மாசம் ரெண்டு மூணு தடவ தங்கினாரே. நீங்கதான் இருக்கச் சொன்னீங்கன்னாரு."

நான் அப்படிச் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று அவளிடம் சொல்லவும் இல்லை.

நிலோஃபர் விடுமுறைக்கு ஊருக்குப் போகாமல் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாள். தேவிகலாவையும் வரச்சொல்லி மூவரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். கொடியேற்றி முடித்து மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எழுதுகிறவர் தலை நிமிராமல், "புருஷன் பொஞ்சாதிக்குள்ள சண்டையா?" என்றார்.

"சண்டை போடக்கூட அவரு வீட்ல இல்ல சார்" என்றாள் தேவிகலா.

ஒல்லியான பெண். புடவையை அவசரத்தில் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள். அவள் சமையலைப் பற்றி நான் எழுதியதை இப்போது படித்தால் நன்றாக இல்லை. அந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

சுதர்சனுக்குப் போன் செய்தேன். குடும்பத்தோடு மகாபலிபுரத்தில் இருக்கிறானாம். திங்கட்கிழமை பார்க்கலாம் என்றான்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கிடைத்துவிட்டான்.

காலையில் எல்லப்பன் கூப்பிட்டான். எங்கள் லோடு ஏற்றும் லாரி டிரைவர், தடாக்காரன். "அம்மா, நம்ம ஜெயசீலன் சாரு என் வண்டிலதான் இருக்காரு. புதன்கிழமை ஏறினாரு. ஆபீஸ்ல லோடு கூட போகச் சொன்னாங்கன்னாரு, நானும் நம்பிட்டேன். நேத்து லீவு, குடோன் தொறக்கல, இங்கயே கெடந்தோம். இப்ப லோடு எறக்கியாச்சு. இவரு எறங்க மாட்டேங்கறாரு. சாப்பாடும் இல்ல. ரோட்டையே பாத்துனு இருக்காரு. எனக்கு பயமா இருக்கும்மா."

வண்டி நிற்பது ஆந்திராவில், நாயுடுபேட்டையில். வாடகைக் கார் பிடித்து நாங்கள் மூவரும் போனோம். அவனிடம் பேச எனக்கு நிறைய இருந்தது, ஒழுங்கு, பொறுப்பு, வீட்டில் சொல்லாமல் போவது என்ன பழக்கம் என்றெல்லாம். சூலூர்பேட்டை தாண்டும்போது அதில் பாதி மறந்துபோயிற்று.

டீக்கடை ஓரமாக வண்டி நின்றது. அதே சீட்டில் இருந்தான். இரண்டு நாள் தாடி. முன்கண்ணாடிக்குக் கீழே எல்லப்பனின் பிள்ளையாருக்குப் பக்கத்தில் அந்தக் கண்ணாடி மூங்கிலை நிறுத்திவைத்திருந்தான். எல்லப்பன் அதற்கும் சேர்த்துப் பொட்டு வைத்திருந்தான்.

"ஜெயசீலா, எறங்குப்பா."

"லோடு எறக்கியாச்சு மேடம். குறையில்ல."

"சரிப்பா. நீ எறங்கு."

"எறங்கினா அடுத்த வேலை சொல்லுவீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வது மாதிரி சொன்னான்.

வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

நிலோஃபர் மறுபக்கம் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். ஏதாவது பெரிய பேச்சாகப் பேசுவாள் என்று நினைத்தேன். அவளும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் அவளிடம் சொன்னது பெஞ்சுவரை கேட்டது. "இங்க உக்காந்தா யாரும் எதுவும் கேக்கறதில்லம்மா. வண்டி அதுபாட்டுக்குப் போவுது."

தேவிகலா வண்டிக்குக் கீழேயே நின்றிருந்தாள். அழுது முடித்திருந்தாள். "தோசை ஊத்தறாங்க. சாப்பிடறீங்களா?" என்றாள்.

அதை ரொம்ப யோசித்தான்.

"ரெண்டு" என்றான். இறங்கினான்.

ஆகஸ்ட் 17, சனி

ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. பல மாதங்களாகச் சரியாகத் தூங்கவில்லையாம். இரண்டு மாதம் வேலைப் பேச்சே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள்.

ஆகஸ்ட் 21, புதன்

சுதர்சன் என்னையும் நிலோஃபரையும் கூப்பிட்டான். ப்ரஜித்தும் இருந்தான். முதல் பரிசு வாங்கியவன் லாரியில் ஏறிப் போய்விட்டானே என்பதுதான் அவன் வருத்தம். வேறு கம்பெனிகளுக்குப் போய் இதை எப்படிச் சொல்வது?

"வீட்ல ஏதாச்சும் ப்ராப்ளம் இருந்திருக்கும்ல மேடம்?" என்றான் சுதர்சன். பதிலையும் கேள்வியிலேயே வைத்துக் கொடுக்கிறான், குழந்தைக்கு மாத்திரையைத் தேனில் குழைத்துக் கொடுப்பது போல.

நான் வாய் திறப்பதற்குள் நிலோஃபர் பேசினாள். "ஆறு மணிக்கு மேல வர்ற என் வண்டியெல்லாம் அவர்தான் சார் பாத்தாரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் தினமும் கிளம்பிப் போனேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். என்ன துடுக்கு!

நான் சுதர்சனைப் பார்த்தேன். "வீட்ல ஒரு ப்ராப்ளமும் இல்ல. சபாபதி போனதுக்கு ஆள் போட்டீங்களா? அவன் வேலை எங்க போச்சுன்னு என்னிக்காவது கேட்டீங்களா? ஆள் போடற காசுக்கு மூங்கில் வாங்கினீங்க."

"மேடம், சேலஞ்ச் வரும்போதுதான் தலைமுறைகள் ஒண்ணுக்கொண்ணு..." என்று ப்ரஜித் ஆரம்பித்தான்.

"தம்பி, நீ என்னிக்காவது ஒரு லோடு ஏத்தியிருக்கியா?"

இல்லை என்றான். "அப்ப உக்காரு" என்றேன். அவன் உட்கார்ந்துதான் இருந்தான்.

முடிவு: ஆள் போட பட்ஜெட் இல்லை. பயிற்சிக்கு இரண்டாம் கட்டம் உண்டு. இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்தபடியே யோகா.

ஆகஸ்ட் 28, புதன்

புது சிஸ்டத்தை நிலோஃபர் சொல்லிக் கொடுக்கிறாள். ஒற்றை விரலால் தட்டுகிறேன். தப்பாகத் தட்டினால் ஆரம்பத்திலிருந்து வரச் சொல்கிறது. எழுதினவனைக் கட்டி உதைக்க வேண்டும்.

என் பங்கு வண்டிகளை மட்டும் இன்று நானே சிஸ்டத்தில் ஏற்றினேன். மதியம் முழுக்கப் போய்விட்டது. ஒரு நிமிஷ வேலை என்று எழுதியிருக்கிறேன் ஜூனில்.

இதை அவன் தன் வேலையெல்லாம் முடிந்தபிறகு செய்திருக்கிறான். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

ஆறு மணிக்கு நிலோஃபர் லேப்டாப்பை மூடவில்லை. இரண்டு வாரமாகவே மூடுவதில்லை. கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருக்கிறது. வெளியே வண்டிகள் வந்துகொண்டே இருந்தன.

"நான் பாத்துக்கறேன் மேம்" என்றாள்.

ஜெயசீலனின் அதே வார்த்தையைக் கேட்டதும் எனக்கு எரிந்தது. "நீ ஒண்ணும் பாத்துக்க வேணாம். மூடு. கிளம்பு."

"வண்டி, மேம்?"

"கிளம்புன்னு சொன்னேன்ல?"

அவள் போனதும் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, ஆறு மணிக்கு மேல் வரும் எந்த வண்டியையும் உள்ளே விடாதே என்றேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். வெள்ளத்தில் நின்று லோடு அனுப்பியவள் என்று அவனுக்கும் தெரியும்.

கேட்டைப் பூட்டச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். இவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டிவியை அணைத்தார். "உடம்பு சரியில்லையா?" என்றார்.

செப்டம்பர் 5, வியாழன்

மூன்று நாளாக ஆறு மணிக்குக் கேட் பூட்டு. வண்டிகள் அடுத்த தெருவரை நிற்கின்றன. பிஸ்கட் கம்பெனிக்காரன் பெட்டி வரவில்லை என்று ஜி.எம்.மைத் திட்டினான். ஜி.எம். என்னைத் திட்டினார். வேலையை விட்டு எடுத்துவிடுவேன் என்றார். எடுங்கள் என்றேன். ரிட்டயர் ஆக இன்னும் எட்டு மாதம், போனால் டிவி பார்க்கலாம். எனக்கு அப்புறம் அந்த நாற்காலியில் யார் உட்காருவார்கள் என்று யோசித்திருப்பார் போலிருக்கிறது. குரல் இறங்கியது.

டிரைவர்களுக்குத்தான் சிரமம். எல்லப்பனிடம் சொன்னேன். "நீங்க நிறுத்துங்கம்மா, எங்களுக்குக் காத்துக்கெடக்கறது புதுசா?" என்றான்.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஜி.எம். கூப்பிட்டனுப்பினார். பட்ஜெட் கிடைத்துவிட்டதாம். எங்கேயிருந்து வந்தது என்று கேட்கவில்லை, நாற்காலி யோகா மட்டும் நின்றுவிட்டது. டிஸ்பாட்சுக்கு இரண்டு ஆள், ஒன்றாம் தேதி சேர்கிறார்கள்.

"சந்தோஷமா மேடம்? இனிமே கேட்டைத் தொறக்கலாம்ல?"

"ஒண்ணாம் தேதி தொறக்கறேன் சார்."

சாயங்காலம் கேட்டைப் பூட்டிவிட்டு வந்து கேண்டீனில் உட்கார்ந்தேன். போன் வந்தது. ஜெயசீலன். வீட்டுக்கு வந்துவிட்டானாம். வேலைப் பேச்சு கூடாது என்று டாக்டர் சொன்னதால் தேவிகலா போனைக் கொடுப்பதில்லை, அவள் கடைக்குப் போன நேரம் பார்த்துக் கூப்பிடுகிறான். குரல் தணிந்திருந்தது.

"மேடம், கேக்கக் கூடாதுதான். என் வண்டியெல்லாம் இப்ப யாரு பாக்கறாங்க?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். தெருவில் வரிசையாக லாரிகள். டிரைவர்கள் கீழே இறங்கி, டயர் ஓரமாகத் துண்டு விரித்துச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"யாரும் பாக்கல" என்றேன். "எல்லாம் ரோட்லயே நிக்குது."

பயந்துவிட்டானோ என்று பார்த்தேன்.

"ஜி.எம். ஒண்ணும் சொல்லலியா?"

"கத்தினாரு."

"நீங்க என்ன மேடம் பண்றீங்க?"

"காபி குடிக்கறேன். நீ போனை வெச்சிட்டுத் தூங்கு."

வைக்கவில்லை. ரொம்ப நேரம் அப்படியே லைனில் இருந்தான். நானும் இருந்தேன். காபி ஆறிப்போயிற்று. இந்தக் கேண்டீன்காரன் என்றைக்குத்தான் ஒழுங்காகக் காபி போட்டிருக்கிறான்?